இராபர்ட் ஸ்மால்ஸ்

பிறப்பினால் எவரும் உயர்ந்தாரும் அல்லர், தாழ்ந்தாரும் அல்லர். செய்யும் செயலே ஒருவரை உயர்த்துவதும் தாழ்த்துவதும் ஆகும். இவ்வுண்மையை எல்லா நாட்டுச் சான்றோரும் கூறியுள்ளனர். ஆயினும், மக்களை விலங்குகளைப் போல விலைக்கு வாங்கியும் விற்றும் வந்த கொடுமை பல நாடுகளில் பல நூற்றாண்டுகள் நிலவியது. அக்கொடுமையின் நடுவே அடிமையாகப் பிறந்து, எழுத்தறியாதவராக வளர்ந்து, தம் அறிவாலும் துணிவாலும் விடுதலை பெற்று, பின்னர்த் தம் நாட்டுச் சட்டமன்றங்களில் அமர்ந்து பிறர் உரிமைக்காக வாதாடியவர் இராபர்ட் ஸ்மால்ஸ். அமெரிக்கக் காங்கிரசின் பிரதிநிதிகள் சபையில் ஐந்து பேரவைகளில் இடம்பெற்ற அப்பெரியாரின் வரலாறு, மாணவர் அனைவரும் அறிதற்குரியது.

பிறப்பும் இளமையும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்கிழக்கே, அட்லாண்டிக் பெருங்கடலின் கரையில் அமைந்துள்ளது தென் கரோலினா மாநிலம். அக்காலத்தில் நெல்லும் பருத்தியும் அங்குப் பெருவிளைவுகளாக இருந்தன. அவற்றை விளைத்தவர் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட கறுப்பின மக்களும் அவர்தம் வழித்தோன்றல்களும் ஆவர். விளைவின் பயனை நுகர்ந்தவரோ வெள்ளை இனத்துத் தோட்ட முதலாளிகள். 1860-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, அம்மாநிலத்தில் வாழ்ந்த 7 இலட்சத்திற்குச் சற்று மேற்பட்ட மக்களுள் 4 இலட்சத்திற்கு மேற்பட்டோர் அடிமைகளாக இருந்தனர்.

அம்மாநிலத்தின் கடலோரத்தில், உப்பங்கழிகளும் சிறு தீவுகளும் சூழ்ந்த இடத்தில் பியூஃபர்ட் என்னும் ஊர் உள்ளது. அவ்வூரில் மக்கீ என்னும் செல்வக் குடும்பத்தினரின் மாளிகைக்குப் பின்புறம் இருந்த சிறு குடிலில், 1839-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 5-ஆம் நாள் இராபர்ட் பிறந்தார். அவருடைய தாய் லிடியா அம்மாளிகையில் வேலை செய்த அடிமை. தாய் அடிமையாயின் சேயும் அடிமையே என்பது அந்நாட்டுச் சட்டம். ஆகவே, இராபர்ட் கண் திறந்தபோதே ஒருவரின் உடைமையாகிவிட்டார்.

வீட்டு வேலைக்குரிய சிறுவனாதலின், வயலில் உழைப்போர் பட்ட துன்பம் இராபர்ட்டை அணுகவில்லை. மக்கீ அவரிடம் ஓரளவு பரிவும் காட்டினார். இது கண்டு மகிழ வேண்டிய தாய் கவலையுற்றாள். நிழலில் வளரும் மகன் வெயிலின் கொடுமையை அறியாது போய்விடுவானோ என்று அஞ்சினாள். ஆதலால், அடிமைகளைச் சாட்டையால் அடிக்கும் இடத்திற்கும், அவர்களை ஏலம் கூறி விற்கும் இடத்திற்கும் அவரை அழைத்துச் சென்று காட்டினாள் என்று அக்குடும்பத்தார் வழிவழியாகக் கூறுவர். தன் இனத்தார் நிலையை மகன் உணர வேண்டும் என்று விரும்பிய அத்தாயே அவருக்கு முதல் ஆசிரியை ஆவாள்.

ஏட்டுக் கல்வியோ அவருக்குக் கிட்டவில்லை. அடிமைகளுக்கு எழுதப் படிக்கக் கற்பித்தல் குற்றம் என்று தென் கரோலினா மாநிலம் 1834-ஆம் ஆண்டில் சட்டம் இயற்றியிருந்தது. அறிவு பெற்றவனை நெடுநாள் அடக்கி வைத்தல் இயலாது என்பதை அடிமை முதலாளிகள் நன்கு அறிந்திருந்தனர். ஆகவேதான் அவர்கள் கைவிலங்கை விடக் கல்வித் தடையையே பெருங்காவலாகக் கொண்டனர். இச்செய்தியை மாணவர்கள் நினைவில் இருத்திக்கொள்ளுதல் வேண்டும். ஸ்மால்ஸின் வாழ்வில் இது மீண்டும் மீண்டும் எதிர்ப்படும்.

துறைமுகத்தில் பெற்ற அறிவு

பன்னிரண்டாம் வயதில் இராபர்ட் சார்ல்ஸ்டன் என்னும் துறைமுக நகருக்கு வேலைக்கு அனுப்பப்பட்டார். அங்கு அவர் ஈட்டிய கூலியில் வாரத்திற்கு ஒரு டாலர் மட்டுமே அவருக்கு உரியது. எஞ்சியது மக்கீக்குச் சேர்ந்தது. உணவு விடுதியில் பணியாளாகவும், தெரு விளக்கு ஏற்றுபவராகவும் இருந்த பின்னர், அவர் துறைமுக வேலையை நாடினார். சுமை ஏற்றினார், பாய் தைத்தார், கயிறு கட்டினார், முடிவில் கப்பலின் சுக்கானைப் பிடித்து ஓட்டும் திறமையும் பெற்றார்.

சார்ல்ஸ்டன் துறைமுகத்தின் நீர்வழிகள் எளியன அல்ல. மணல் திட்டுகளும் ஆழமற்ற கழிகளும் அங்கு மிகுதி. ஓதம் ஏறும் காலமும் வற்றும் காலமும் அறியாதவர் கப்பலைத் தரைதட்ட விடுவர். அவ்வழிகள் அனைத்தையும் இராபர்ட் தம் நெஞ்சில் வரைந்துகொண்டார். வரைபடத்தைப் படிக்க இயலாதவர் கடலையே படித்தார். எனினும், கறுப்பினத்தான் ஒருவனை மீகாமன் என்று மதித்து அழைக்க அந்நாட்டு வழக்கம் இடம் தரவில்லை. சுக்கான் பிடிப்பவன் என்று மட்டுமே அவரை அழைத்தனர்.

1856-ஆம் ஆண்டு, பதினேழு வயதில், அவர் ஹன்னா என்னும் பெண்ணை மணந்தார். ஹன்னா வேறொருவருக்கு உரிய அடிமை. விடுதி ஒன்றில் வேலை செய்து வந்தாள். அவர்களுக்கு எலிசபெத் என்னும் பெண் மகவு பிறந்தது. தாய் யாருக்கு அடிமையோ அவருக்கே குழந்தையும் அடிமை. எந்த நாளில் தம் மனைவியும் மகளும் தம்மை விட்டுப் பிரிக்கப்பட்டு எங்கோ விற்கப்படுவரோ என்னும் அச்சம் இராபர்ட்டை வாட்டியது. ஆகவே, அவர்களைத் தாமே விலை கொடுத்து வாங்கிவிட எண்ணினார். கேட்ட விலை 800 டாலர். அவர் சேர்த்து வைத்திருந்ததோ 100 டாலர். தம் மனைவி மக்களையே விலைக்கு வாங்கப் பொருள் தேடி உழைத்த அவர் நிலையை நினைப்பின் நெஞ்சம் உருகாதார் யார்?

போர் மூண்டது

அடிமை முறை நீடிக்க வேண்டுமா, ஒழிய வேண்டுமா என்னும் வழக்கு முற்றி, தென் மாநிலங்கள் ஒன்றியத்திலிருந்து பிரிந்தன. 1860-ஆம் ஆண்டு டிசம்பரில் முதலில் பிரிந்தது தென் கரோலினாவே. 1861-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் சார்ல்ஸ்டன் துறைமுகத்தின் வாயிலில் உள்ள சம்ட்டர் கோட்டையின் மீது தென்னவர் பீரங்கி முழக்கினர். உள்நாட்டுப் போர் தொடங்கியது. அவ்வாண்டு நவம்பரில் ஒன்றியக் கடற்படை பியூஃபர்ட் பகுதியைக் கைப்பற்றியது. சார்ல்ஸ்டன் துறைமுகத்திற்கு வெளியேயும் போர்க்கப்பல்களை நிறுத்தி முற்றுகையிட்டது.

அக்காலத்தில் இராபர்ட், பிளாண்ட்டர் என்னும் நீராவிக் கப்பலில் வேலை பார்த்தார். பிளாண்ட்டர் என்பதற்குத் தோட்ட முதலாளி என்பது பொருள். பருத்தி ஏற்றி வந்த அக்கப்பலைத் தென்னவர் படைக்கலம் சுமக்கப் பயன்படுத்தினர். கப்பல் தலைவர் உள்ளிட்ட மூவர் வெள்ளையர். இராபர்ட்டும் ஏனைய மாலுமிகளும் அடிமைகள்.

துறைமுகத்திற்கு வெளியே, சில கல் தொலைவில் ஒன்றியக் கப்பல்கள் நிற்பதை இராபர்ட் நாள்தோறும் கண்டார். அங்குச் சென்று சேர்ந்தால் விடுதலை. ஆனால் இடையே பல கோட்டைகள், நூற்றுக்கணக்கான வீரர்கள், குறிபார்த்து நிற்கும் பீரங்கிகள். கடந்து செல்லும் ஒவ்வொரு கப்பலும் ஊதலால் மறைக்குறி ஒலிக்க வேண்டும். தவறினால் கோட்டையிலிருந்து குண்டு பாயும். இராபர்ட் அக்குறிகளையெல்லாம் நாள்தோறும் கேட்டுக் கேட்டு மனத்தில் பதித்திருந்தார். கப்பல் தலைவர் எப்படி நிற்பார், எப்படிக் கைகட்டிக்கொள்வார், எந்தத் தொப்பி அணிவார் என்பனவும் அவருக்குத் தெரியும். தம் தோழர்களோடு மறைவாகக் கலந்து ஒரு திட்டம் வகுத்தார். பிடிபட நேர்ந்தால் கப்பலை மூழ்கடிப்பது என்றும், அதுவும் இயலாதாயின் அனைவரும் கைகோத்துக் கடலில் குதிப்பது என்றும் உறுதி செய்துகொண்டனர்.

அஞ்சா நெஞ்சம்

1862-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் நாள் மாலை, நான்கு பீரங்கிகளை வேறொரு தீவிலிருந்து ஏற்றிக்கொண்டு பிளாண்ட்டர் சார்ல்ஸ்டன் திரும்பியது. கப்பலுக்கே உரிய பீரங்கிகள் இரண்டையும் சேர்த்து ஆறு பீரங்கிகள் அதில் இருந்தன. அதிகாரிகள் இரவில் கப்பலிலேயே தங்க வேண்டும் என்பது படைத்தலைமையின் ஆணை. அவ்வாணையை மதியாமல் வெள்ளையர் மூவரும் கரைக்குச் சென்றுவிட்டனர். இராபர்ட் எதிர்பார்த்திருந்த வேளை வந்தது.

நள்ளிரவு கடந்து மூன்று மணியளவில் கொதிகலம் மூட்டப்பட்டது. தென்னவர் கொடி ஏற்றப்பட்டது. கப்பல் தலைவரின் வைக்கோல் தொப்பியை அணிந்து இராபர்ட் மேல்தளத்தில் நின்றார். கப்பல் முதலில் அருகிலிருந்த வேறொரு துறைமேடைக்குச் சென்றது. அங்கு மறைந்து காத்திருந்த ஹன்னாவும் குழந்தைகளும், தோழர்களின் குடும்பத்தாரும் ஓசையின்றி ஏறிக்கொண்டனர். கைக்குழந்தையின் அழுகுரல் ஒன்றே போதும், அனைவர் உயிரையும் மாய்ப்பதற்கு.

கப்பல் விரைந்து செல்லவில்லை. விரைந்தால் ஐயம் எழும் என்பதை இராபர்ட் அறிவார். ஒவ்வொரு கோட்டையாகக் கடந்து, ஒவ்வோர் இடத்திலும் முறைப்படி ஊதல் ஒலித்து, பொழுது புலரும் வேளையில் சம்ட்டர் கோட்டையை அணுகியது. துறைமுகத்தின் வாயிலைக் காத்து நின்ற பெருங்கோட்டை அது. தோழருள் சிலர் நடுங்கினர். விலகிச் செல்லுமாறு வேண்டினர். விலகிச் செல்லும் கப்பலே ஐயத்திற்கு இடமாகும் என்று கருதிய இராபர்ட், வழக்கமான வழியிலேயே கலத்தைச் செலுத்தினார். கப்பல் தலைவரைப் போலவே கைகட்டி நின்று ஊதல் குறியை ஒலித்தார். கணம் ஒன்று யுகமாகக் கழிந்தது. காவலர் போகுமாறு விடை கொடுத்தனர்.

கோட்டையின் குண்டு எட்டாத தொலைவை அடைந்ததும், கப்பல் ஒன்றியக் கடற்படையை நோக்கி முழு விரைவுடன் திரும்பியது. ஆனால் அங்கும் இடர் காத்திருந்தது. தென்னவர் கப்பல் தாக்க வருகிறது என்று எண்ணி, ஆன்வர்ட் என்னும் ஒன்றியக் கப்பல் தன் பீரங்கிகளைத் திருப்பியது. உடனே தென்னவர் கொடி இறக்கப்பட்டது. ஹன்னா கொண்டு வந்திருந்த வெள்ளைப் படுக்கை விரிப்பு அவ்விடத்தில் ஏற்றப்பட்டது. கதிரவன் ஒளியில் அவ்வெண்மை விளங்கவே, பீரங்கிகள் அடங்கின. அன்று காலை அக்கப்பலில் இருந்த ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் தம் வாழ்நாளில் முதன்முறையாக விடுதலைக் காற்றை உட்கொண்டனர். இராபர்ட்டுக்கு அப்போது வயது இருபத்து மூன்று.

அவர் கொண்டு சென்றவை கப்பலும் பீரங்கிகளும் மட்டும் அல்ல. தென்னவரின் மறைக்குறி நூலும், துறைமுகத்தில் வெடிகள் புதைத்துள்ள இடங்களைப் பற்றிய செய்திகளும் ஒன்றியத்தார் கைக்குச் சென்றன. கோல்ஸ் தீவைத் தென்னவர் கைவிட்டனர் என்று அவர் கூறிய செய்தியைக் கொண்டு, சில நாளில் ஒன்றியப் படை அத்தீவைப் போரின்றிக் கைப்பற்றியது. அமெரிக்கக் காங்கிரசு தனிச் சட்டம் இயற்றி, கப்பலைக் கொணர்ந்தோர்க்குப் பரிசு வழங்கியது. ஸ்மால்ஸுக்குக் கிடைத்த பங்கு 1,500 டாலர்.

போர்க்களத்தில்

தாம் விடுதலை பெற்றதோடு அவர் அமைதியுறவில்லை. 1862-ஆம் ஆண்டு ஆகஸ்டில் அவர் ஒரு சமய குருவுடன் வாஷிங்டன் நகருக்குச் சென்று, கறுப்பின மக்களைப் படையில் சேர்க்க வேண்டும் என்று போர் அமைச்சர் ஸ்டான்ட்டனிடம் எடுத்துரைத்தார். அம்மாத இறுதியில், தென் கரோலினாக் கடலோரத்தில் 5,000 பேர் வரை கறுப்பின வீரர்களைச் சேர்க்க அமைச்சர் ஆணையிட்டார்.

1863-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள், ஒன்றியத்தின் இரும்புக் கவசக் கப்பல்கள் சம்ட்டர் கோட்டையைத் தாக்கின. அவற்றுள் கியோகக் என்னும் கப்பலை ஸ்மால்ஸ் வழிநடத்தினார். ஏறத்தாழத் தொண்ணூறு குண்டுகள் அக்கப்பலைத் துளைத்தன. மறுநாட் காலையில் அது கடலில் ஆழ்ந்தது; ஸ்மால்ஸ் உயிர் தப்பினார்.

அவ்வாண்டு டிசம்பரில் பிளாண்ட்டர் கப்பல் கடும் தாக்குதலுக்கு உட்பட்டது. அதன் தலைவர் சரணடைய விரும்பினார். அச்சத்தால் நிலக்கரி அறைக்குள் ஒளிந்துகொண்டார். கறுப்பின மாலுமிகள் பிடிபட்டால் போர்க் கைதிகளாக மதிக்கப்படமாட்டார்கள் என்பதை ஸ்மால்ஸ் அறிவார். ஆகவே, அவரே தலைமை ஏற்றுக் கப்பலைக் காப்பிடம் சேர்த்தார். அதன் பின்னர் பிளாண்ட்டரின் தலைவர் பதவி அவருக்கே அளிக்கப்பட்டது. யாருடைய தொப்பியை ஓர் இரவு அணிந்து நின்றாரோ, அப்பதவியையே உரிமையோடு பெற்றார்.

எழுத்தறிவும் தன்மதிப்பும்

1864-ஆம் ஆண்டில் கப்பலைச் செப்பனிடுவதற்காக ஸ்மால்ஸ் பிலடெல்பியா நகரில் பல மாதங்கள் தங்கினார். அந்த ஓய்வை அவர் வீணாக்கவில்லை. ஆசிரியரை அமர்த்திக்கொண்டு எழுதவும் படிக்கவும் கற்றார். போர்க்களத்தில் பெயர் பெற்ற வீரர், இருபத்தைந்தாம் வயதில் சிறு பிள்ளையைப் போல அரிச்சுவடி தொடங்கினார். கற்பதற்கு வெட்கப்படாதவரே கற்றவராகின்றனர்.

அந்நகரில் ஒருநாள் அவர் தெருவில் ஓடும் வண்டியில் ஏறி அமர்ந்தார். வெள்ளையர் ஒருவருக்கு இடம் விட்டு வெளிப்புறப் படிமேடையில் நிற்குமாறு அவருக்குக் கட்டளை பிறந்தது. அவர் வண்டியை விட்டு இறங்கி நடந்தே சென்றார். நாட்டுக்காக உயிரைப் பணயம் வைத்த வீரருக்கு நேர்ந்த இவ்விழிவு அந்நகர மக்கள் பலருடைய உள்ளத்தைச் சுட்டது. அதனால் வலுப்பெற்ற கிளர்ச்சியின் பயனாக, அவ்வண்டிகளில் நிற வேற்றுமை காட்டலாகாது என்று பென்சில்வேனியா மாநிலம் 1867-ஆம் ஆண்டில் சட்டம் செய்தது.

போர் ஒன்றியத்தின் வெற்றியில் முடிந்தது. 1865-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் சம்ட்டர் கோட்டையில் ஒன்றியக் கொடி மீண்டும் ஏற்றப்பட்டபோது, விடுதலை பெற்ற மக்களைச் சுமந்துகொண்டு பிளாண்ட்டர் கப்பல் அவ்விழாவிற்குச் சென்றது. ஒருகாலத்தில் இருளில் அஞ்சி அஞ்சிக் கடந்த வழியே, இன்று பகலொளியில் தலைநிமிர்ந்து கலம் செலுத்தினார் ஸ்மால்ஸ்.

அவர் பியூஃபர்ட் நகருக்குத் திரும்பினார். வரி செலுத்தப்படாமையால் அரசினர் ஏலத்தில் விற்ற வீடுகளுள், தாம் எந்த மாளிகையின் பின்புறத்துக் குடிலில் பிறந்தாரோ அம்மாளிகையை அவர் வாங்கியிருந்தார். அதன் முன்னாள் உரிமையாளர் தொடுத்த வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்றது; 1878-ஆம் ஆண்டில் தீர்ப்பு ஸ்மால்ஸுக்கே சார்பாயிற்று. முன்னாள் எசமானரின் மனைவி முதுமையில் நினைவு தடுமாறி அவ்வீட்டைத் தன் வீடென்றே எண்ணி வந்தபோது, ஸ்மால்ஸ் அவளை விரட்டாமல் அங்கேயே தங்கச் செய்து காத்தார் என்று அவர் குடும்பத்தார் கூறுவர். பகைவர்க்கும் இரங்கும் பண்பே வீரத்திற்கு அணிகலன் ஆகும்.

சட்டமன்றப் பணி

1868-ஆம் ஆண்டு தென் கரோலினா மாநிலத்திற்குப் புதிய அரசியல் சட்டம் வகுக்க ஒரு மன்றம் கூடியது. அதன் உறுப்பினருள் பாதிக்கு மேற்பட்டோர் கறுப்பினத்தவர். ஸ்மால்ஸும் ஓர் உறுப்பினர். அங்கு அவர் கல்வியின் பொருட்டு முன்னின்றார். மாநிலம் எங்கும் பொதுப் பள்ளிகள் அமைய வேண்டும். அவற்றில் கட்டணமின்றிக் கற்பிக்க வேண்டும். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புதல் பெற்றோர் கடமையாக வேண்டும் என்று தீர்மானம் கொணர்ந்தார். இன வேற்றுமையின்றி எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசப் பொதுக் கல்வி என்னும் நெறி அவ்வரசியல் சட்டத்தில் இடம்பெற்றது. முப்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் அடிமைக்குக் கற்பித்தலைக் குற்றமாக்கிய அதே மாநிலம், அடிமையாயிருந்த ஒருவரின் முயற்சியால் எல்லோர்க்கும் கற்பித்தலைத் தன் கடமையாக ஏற்றுக்கொண்டது. தம் நகரிலும் கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிக்கென ஒரு கட்டடத்தை அவர் வாங்கினார்.

மாநிலச் சட்டசபையிலும் செனட் சபையிலும் பணியாற்றிய பின்னர், ஸ்மால்ஸ் 1875-ஆம் ஆண்டில் அமெரிக்கக் காங்கிரசின் பிரதிநிதிகள் சபையில் உறுப்பினராக அமர்ந்தார். படையில் சேர்ப்பதில் நிற வேற்றுமை பாராட்டலாகாது என்று அவர் திருத்தம் கொணர்ந்தார். தென் கரோலினாவில் இருந்த ஒன்றியப் படையை வேறிடத்திற்கு அகற்றலாகாது என்றும் வாதாடினார். ஏனெனில், 1876-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஹாம்பர்க் என்னும் ஊரில் கறுப்பினத்தவர் பலர் கொலை செய்யப்பட்டனர். படையும் அகன்றால் எளியோரைக் காப்பார் இலர் என்பதே அவருடைய அச்சம். அவ்வச்சம் உண்மையாயிற்று. 1877-ஆம் ஆண்டில் தென் மாநிலங்களுக்குத் துணைநின்ற ஒன்றியப் படை விலக்கப்பட்டது. செஞ்சட்டை அணிந்த கூட்டத்தார் படைக்கலம் ஏந்தி, கறுப்பினத்தவரை வாக்குச் சாவடிக்கு வாராமல் அச்சுறுத்தினர். 1878-ஆம் ஆண்டில் கில்லிசன்வில் என்னும் ஊரில் ஸ்மால்ஸின் தேர்தல் கூட்டத்தையே அவர்கள் சூழ்ந்துகொண்டனர். அவர் தம் தோழருடன் ஒரு கடைக்குள் புகுந்து தற்காத்துக்கொண்டார். செய்தி அறிந்த சுற்றுப்புற மக்கள் திரண்டு வரவே, பகைவர் விலகிச் சென்றனர்.

அவர் வாழ்வில் ஒரு மாசும் உரைக்கப்பட்டது. அதனை மறைத்தல் முறையன்று. மாநில செனட் உறுப்பினராக இருந்தபோது, அரசாங்க அச்சு வேலை தொடர்பாக 5,000 டாலர் கையூட்டுப் பெற்றார் என்று 1877-ஆம் ஆண்டில் அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. நீதிமன்றம் மூன்றாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. அவர் மேல்முறையீடு செய்தார். 1879-ஆம் ஆண்டில் மாநில ஆளுநர் அவருக்கு மன்னிப்பு வழங்கினார். அக்கால அரசியலில் ஊழல் மலிந்திருந்தது உண்மையே. ஆயினும், அவருக்கு எதிராகச் சான்று கூறிய முதன்மைச் சாட்சி, அதே அச்சுத் தொழிலில் பொதுப்பணத்தைக் கவர்ந்த குற்றவாளி. ஆகவே அவ்வழக்கு அரசியற் பகையின் விளைவு என்று வரலாற்று அறிஞர் பலர் கருதுகின்றனர். அவர் தொகுதி மக்களோ அவர்மீது வைத்த நம்பிக்கையைக் கைவிடவில்லை.

1878, 1880-ஆம் ஆண்டுத் தேர்தல்களில் அவர் தோற்றதாக அறிவிக்கப்பட்டது. இரண்டாம் முறை அவர் அம்முடிவை எதிர்த்துக் காங்கிரசில் முறையிட்டார். சபை ஆராய்ந்து 1882-ஆம் ஆண்டில் அவரே வெற்றி பெற்றவர் என்று ஏற்றது. மீண்டும் 1884 முதல் 1887 வரை அவர் உறுப்பினராக இருந்தார். தம் பகுதியின் போர்ட் ராயல் துறைமுகம் சிறக்கப் பாடுபட்டார். போர்க்காலத்தில் அடிமைகளுக்கு விடுதலை அறிவித்த படைத்தலைவர் ஹன்ட்டரின் கைம்பெண்ணுக்கு உதவித்தொகை வழங்கும் சட்டத்தைக் குடியரசுத் தலைவர் கிளீவ்லாந்து மறுத்தபோது, அம்மறுப்பை நீக்க வேண்டும் என்று சபையில் வாதாடினார். அம்முயற்சி வெல்லவில்லை, ஆயினும் அவர்தம் நன்றியுணர்வு வெளிப்பட்டது.

இறுதிப் போராட்டம்

1895-ஆம் ஆண்டில் தென் கரோலினாவின் அரசியல் சட்டத்தைத் திருத்தி எழுத மீண்டும் ஒரு மன்றம் கொலம்பியா நகரில் கூடியது. கறுப்பினத்தவரின் வாக்குரிமையைப் பறிப்பதே அதன் நோக்கம். உறுப்பினர் 160 பேருள் கறுப்பினத்தவர் அறுவர் மட்டுமே. அவ்வறுவருள் ஸ்மால்ஸ் ஒருவர். வாக்களிக்க விரும்புவோர் அரசியல் சட்டத்தின் ஒரு பகுதியைப் படித்துக் காட்டவேண்டும், அல்லது கேட்டு விளக்கவேண்டும் என்றும், பின்னாளில் எழுதப் படிக்கத் தெரிய வேண்டும் அல்லது 300 டாலர் மதிப்புள்ள சொத்து வேண்டும் என்றும் விதி செய்தனர். தேறியவர் யார் என்று முடிவு செய்பவர் வெள்ளை அதிகாரியே.

இதன் வஞ்சத்தை நோக்குமின்! எவரைப் படிக்கலாகாது என்று முன்னோர் தண்டித்தனரோ, அவரையே படிக்கத் தெரியாது என்று கூறிப் பின்னோர் ஒதுக்கினர். கல்வியைத் தடுத்த சூழ்ச்சியும் கல்வியைக் கேட்ட சூழ்ச்சியும் ஒரே கையிலிருந்து எழுந்தன.

ஸ்மால்ஸ் நாள்தோறும் எழுந்து அச்சட்டத்தை எதிர்த்தார். வாக்கெடுப்பில் வெல்ல இயலாது என்பது அவருக்குத் தெரியும். எனினும், அநீதி எதிர்ப்பின்றி நிறைவேறலாகாது என்று கருதினார். முடிவில் உறுப்பினர் அனைவரும் அச்சட்டத்தில் கையெழுத்திடுமாறு கேட்கப்பட்டனர். ஸ்மால்ஸ் மறுத்தார். கையெழுத்திடாதவருக்குப் படியும் வழிச்செலவும் கிடைக்கமாட்டா என்று அச்சுறுத்தியபோது, தம் ஊருக்கு நடந்தே சென்றாலும் செல்வேன், கையெழுத்திடேன் என்னும் கருத்துப்பட விடையிறுத்தார். பிலடெல்பியாவில் இழிவை ஏற்க மறுத்து வண்டியிலிருந்து இறங்கி நடந்த அதே உறுதி, முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் தளரவில்லை. இருபத்தைந்தாம் வயதில் முயன்று கற்ற எழுத்தை, தம் மக்களின் உரிமையைப் பறிக்கும் ஏட்டில் இட அவர் கை இசையவில்லை.

மறைவும் புகழும்

பியூஃபர்ட் துறைமுகத்தில் சுங்க அதிகாரியாக, இடையில் சில ஆண்டுகள் நீங்கலாக, 1913-ஆம் ஆண்டு வரை ஸ்மால்ஸ் பணியாற்றினார். 1915-ஆம் ஆண்டு பிப்ரவரி 23-ஆம் நாள், எழுபத்தைந்தாம் வயதில், தாம் பிறந்த குடிலுக்கு முன்னின்ற அதே வீட்டில் உயிர் நீத்தார். அவ்வூர்த் தேவாலயத்தின் வளாகத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

அவர் மறைந்தபோது, அவர் காத்து நின்ற வாக்குரிமை தம் மாநிலத்தில் அவர் மக்களுக்கு இல்லை. விதைத்தவர் விளைவைக் காணவில்லை. ஆயினும் விதை அழியவில்லை. 1954-ஆம் ஆண்டில் பள்ளிகளில் இன வேற்றுமை சட்டத்திற்கு மாறானது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1965-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட வாக்குரிமைச் சட்டம், எழுத்தறிவுச் சோதனை என்னும் பெயரால் நிகழ்ந்த வஞ்சத்தை ஒழித்தது. 2023-ஆம் ஆண்டில், தென்னவர் பெற்ற போர் வெற்றி ஒன்றின் பெயரைத் தாங்கியிருந்த அமெரிக்கப் போர்க்கப்பலுக்கு அப்பெயரை நீக்கி, இராபர்ட் ஸ்மால்ஸ் என்னும் பெயரைச் சூட்டினர். மீகாமன் என்று அழைக்கவும் மறுத்த நாடு, கப்பலையே அவர் பெயரால் அழைக்கலாயிற்று.

ஸ்மால்ஸ் ஓர் இரவில் தம் குடும்பத்தாருக்கு விடுதலை தேடினார். அவ்விடுதலையைப் பிறர் அனைவர்க்கும் நிலைபெறச் செய்ய ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார். வீரத்தால் பெறும் விடுதலையைக் கல்வியாலும் நல்ல சட்டத்தாலுமே காத்தல் கூடும் என்பதை அவர் வாழ்வு நமக்கு உணர்த்துகின்றது. எழுத்தறிவு என்பது ஒருகாலத்தில் எத்தனை பேருக்கு மறுக்கப்பட்ட செல்வம் என்பதை எண்ணிப் பார்த்தால், கையில் உள்ள ஏட்டை நாம் எளிதாகக் கருதமாட்டோம். அப்பெரியாரின் துணிவையும் தளரா உழைப்பையும் உள்ளத்திற் கொண்டு, கற்போமாக. கற்றதைப் பிறர்க்கும் பயன்படச் செய்வோமாக.